அப்பாவின் ஒப்பந்தத்தை நான் புதுப்பிக்கவில்லை

ஒன்பது பேரை வேலையை விட்டுத் தூக்கியிருக்கிறேன். ஒரே மத்தியானத்தில். அதில் ஒருவர் என்னைப் பெற்ற அப்பா. அப்போது எனக்கு வயது இருபத்திரண்டு. சம்பளம் ஒரு நல்ல செருப்பு வாங்கக் காணாது. புத்தி அதைவிடக் குறைவு.

இதைச் சொன்னால் எல்லாரும் சிரிக்கிறார்கள். சிரியுங்கள். எனக்கு மட்டும் இன்றைக்கு நினைத்தாலும் பற்றிக்கொண்டுதான் வருகிறது. யார் யார் மேல் கோபம் என்று ஒரு பட்டியலே போடுவேன். (பட்டியல் போட்டுத்தான் கெட்டேன். அதனால் வேண்டாம்.)

தேயிலை விலை அதலபாதாளத்துக்குப் போயிருந்த வருஷங்கள் அவை. இரண்டு கிலோ பச்சை இலை விற்றால் ஒரு பன் வாங்கலாம். டீ வேண்டுமென்றால் இன்னும் கொஞ்சம் பறிக்க வேண்டும். அப்படி இலை விலை விழுந்தும் குன்னூர் பஸ் ஸ்டாண்டு பேக்கரியில் டீ விலை மட்டும் ஒரு காசு இறங்கவில்லை. இது எப்படி என்று கேட்கலாம் என்றால் எனக்கு இன்றுவரை சரியான ஆள் கிடைக்கவில்லை. கிடைத்தால் இருக்கிறது அவருக்கு.

குன்னூரிலிருந்து கோத்தகிரி போகிற வழியில் ஒரு தனியார் டீ ஃபேக்டரி. சொந்தத் தோட்டம் கிடையாது. சுற்றுப்பட்டில் அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வைத்திருக்கும் விவசாயிகள் கொண்டுவரும் இலையை வாங்கித் தூளாக்கி விற்பது. அப்பா ரங்கசாமி அங்கே டீ மேக்கர். டீ மேக்கர் என்றால் டீ போட்டுக் கொடுப்பவர் இல்லை. (காலேஜில் சமவெளிக்காரிகளுக்கு இதை மூன்று வருஷம் விளக்கினேன்.) இலை எவ்வளவு நேரம் வாட வேண்டும், எப்போது மிஷினில் விட வேண்டும் என்று மூக்கை வைத்தே சொல்கிறவர். முதலாளி கோயமுத்தூரில் இருந்தார். மேலே ஒரு மேனேஜர். முதலாளி என்ன சொன்னாலும் தலையை ஆட்டுவது அவர் உத்தியோகம்.

அங்கே நான் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். தினமும் சாயங்காலம் 'இன்றைய பச்சை இலை விலை' என்று தமிழில் டைப் அடித்து, பிரிண்ட் எடுத்து, வாட்ச்மேன் பொன்னுசாமி அண்ணனிடம் கொடுக்க வேண்டும். அவர் அதை கேட் பக்கத்து போர்டில் ஒட்டுவார். இலை கொண்டுவந்தவர்கள் சுற்றி நின்று படித்துவிட்டு, தலையில் கை வைத்துக்கொண்டு போவார்கள். இந்த வேலைக்கு ஐந்து நிமிஷம். மீதி நாள் முழுக்க உட்கார்ந்திருப்பதுதான் வேலை.

அப்போதுதான் செந்தில் ஒரு சிடி கொண்டுவந்து கொடுத்தான். செந்தில் என் தாய்மாமன் மகன். மாமா வெலிங்டனில் மிலிட்டரி ஆபீஸில் கிளார்க். இவன் பி.காம் முடித்துவிட்டு, வேலை தேடுகிறேன் என்ற பெயரில் கம்ப்யூட்டர் கேம் ஆடிக்கொண்டிருந்தான்.

"ஃபுட்பால் கேமு கோகிலா. செமயா இருக்கும்" என்றான்.

நானும் நம்பிப் போட்டேன். அந்த ஃபுட்பால் கேமில் பந்தை உதைக்கவே முடியாது! ஒரு கிளப்புக்கு நாம்தான் மேனேஜர். ஆட்டக்காரர்களோடு ஒப்பந்தம் போடலாம், சம்பளம் பேசலாம், பிடிக்காதவரை விடுவிக்கலாம். மேட்சைக் கம்ப்யூட்டரே ஆடிக்கொள்ளும். வேலை கிடைக்காத ஒருவனுக்கு அடுத்தவன் சம்பளத்தைப் பேசுவதில் என்ன சந்தோஷமோ என்று நினைத்தேன். இரண்டே நாளில் எனக்கு அந்தப் பைத்தியம் அவனைவிட அதிகமாகப் பிடித்தது.

ஆட்டக்காரர்கள் பெயர்தான் வாயில் நுழையவில்லை. பெயரை மாற்றிக்கொள்ள அதிலேயே வசதி இருந்தது. சரி, நம் ஆட்களையே போட்டுவிடலாம் என்று ஃபேக்டரி மொத்தத்தையும் உள்ளே இறக்கினேன். கேட்டில் நிற்கிற பொன்னுசாமி அண்ணன் கோல் கீப்பர். லாரி டிரைவர் ஜோசப் இடது ஓரம். தூள் சலிக்கிற இடத்தில் எல்லாரையும் மேய்க்கிற மாரக்கா நடுவில். (ஆம்பிளை டீமில் பொம்பிளையா என்று கம்ப்யூட்டர் கேட்கவில்லை. அந்த விஷயத்தில் அது பரவாயில்லை.) அப்பா கேப்டன். வயசைக்கூட எல்லாருக்கும் நிஜ வயசாகவே போட்டேன். அந்த நேர்மைதான் என் கழுத்தை அறுத்தது.

எல்லாம் நன்றாகத்தான் போனது, சம்பள வரம்பு என்ற ஒன்று வரும்வரை. கிளப்பில் இருக்கிற அத்தனை பேர் சம்பளத்தையும் கூட்டினால் ஓர் அளவுக்கு மேல் போகக் கூடாதாம். போனால் புதிதாக யாரையும் எடுக்க முடியாது. எனக்கோ ஒரு ஃபார்வர்டு ஆட்டக்காரன் அவசரமாகத் தேவைப்பட்டான். பையன் புயல் மாதிரி ஓடுவான், தலையால் கோல் போடுவான், பார்க்கவும் லட்சணமாக இருப்பான். அவனுக்கு செந்தில் என்று பெயர் வைத்திருந்தேன். (ஏன் என்று கேட்காதீர்கள். அன்றைக்குச் சாயங்காலம் ஊரே கேட்டது.)

போதாததற்கு அதே சமயம் கேப்டன் ரங்கசாமி சம்பள உயர்வு கேட்டு வந்து நின்றார். இரண்டு வருஷ ஒப்பந்தம் வேண்டுமாம், சம்பளமும் கூட்ட வேண்டுமாம். எனக்கு வந்ததே கோபம்! நிஜத்தில் முதலாளி முன்னால் வாயையே திறக்காத மனுஷன். நாலு வருஷமாக அதே சம்பளம். பக்கத்து ஃபேக்டரியில் கூப்பிட்டும் போகவில்லை. அம்மா தினமும் ராத்திரி சோற்றோடு சேர்த்து இதையும் போடுவாள். கேட்க வேண்டிய இடத்தில் கேட்காமல், பெத்த மகளிடம் வந்து ஒப்பந்தம் கேட்கிறாரா!

ஒரு தாளில் டைப் அடித்தேன். 'சம்பள வரம்புக்காக விடுவிக்கப்படுபவர்கள்' என்று தலைப்பு. ஒன்பது பேர். பொன்னுசாமி: எதிரே யார் வந்தாலும் வழிவிட்டு விடுகிறார். ஜோசப்: இடது பக்கம் இருந்தும் இல்லாத மாதிரி. மாரக்கா: சக ஆட்களோடு ஓயாத சண்டை. கடைசியில் அப்பா. 'ரங்கசாமி. வயது 54. முழங்கால் போய்விட்டது. சம்பளம் அதிகம். பழைய ஆள் என்று மரியாதைக்காக வைத்திருக்க முடியாது. ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது.'

அதற்குக் கீழே: 'புதிதாக எடுக்கப்படுபவர்: செந்தில். வயது 23. சம்பளம் வாரம் நாற்பதாயிரம்.'

செந்திலிடம் காட்டிப் பெருமை அடிக்கலாம் என்று பிரிண்ட் கொடுத்தேன். அந்தக் காலத்து பிரிண்டர். கர்ர் கர்ரென்று கத்தும். தாள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நீளமாக வரும், நாம்தான் துளை போட்ட இடத்தில் கிழிக்க வேண்டும். எல்லாத் தாளிலும் ஃபேக்டரி பெயர் அச்சடித்திருக்கும். முதலில் இலை விலை வந்தது. பின்னாலேயே என் பட்டியல் வந்தது. நான் அந்தச் சமயம் புது டீமோடு முதல் மேட்ச் ஆடிக்கொண்டிருந்தேன். பொன்னுசாமி அண்ணன் உள்ளே வந்து, "ஏனுங் கண்ணு, வெல வந்துருச்சுங்களா?" என்றார். திரும்பிக்கூடப் பார்க்காமல், "அதா இருக்குது, எடுத்துக்கங்கண்ணா" என்றேன்.

அவருக்குக் கண்ணாடி இல்லாமல் எழுத்துத் தெரியாது. கிழிக்காமல் முழு நீளத்துக்கும் கொண்டுபோய், நாலு மூலையிலும் அழுத்தமாகப் பசை தடவி, தன்னை வேலையை விட்டுத் தூக்கிய நோட்டீஸைத் தானே ஒட்டிவிட்டு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார்.

கொஞ்ச நேரத்தில் ஒரே கூச்சல். ஸ்பீக்கரில் மைதானத்துக் கூட்டம் கத்துகிறது என்று நினைத்தேன். ஏற்கெனவே நாலு கோல் வாங்கியிருந்தேன், கத்தத்தானே செய்வார்கள்? சவுண்டைக் குறைத்தேன். கூச்சல் குறையவில்லை. சுத்தமாக அணைத்தேன். கூச்சல் அதிகமானது. அப்புறம்தான் ஜன்னலைப் பார்த்தேன்.

போர்டு முன்னால் ஐம்பது பேர். மாரக்கா தலைத்துணியை அவிழ்த்து இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு நின்றாள். "ஆருக்குடி ஓயாத சண்ட? எவடி எழுதுனவ? இன்னைக்குக் காட்டறன் சண்டைன்னா என்னான்னு!"

"அக்கா, அது கேமுக்கா!" என்று ஓடினேன்.

"எங்க பொழப்பு உனக்குக் கேமாடி?"

யாரோ கடைசி வரியைச் சத்தமாகப் படித்தார்கள். "வாரம் நாப்பதாயிரமா! ஆருய்யா இந்தச் செந்திலு?"

"டீ மேக்கர் மச்சான் மகன்டா! வெலிங்டன்ல சும்மா சுத்தறானே, அவனேதான்!"

மொத்தக் கூட்டமும் திரும்பி என்னைப் பார்த்தது. அந்தப் பார்வை கூச்சலைவிட மோசம். ஒன்பது பேர் அடுப்பில் மண்ணைப் போட்டு, டீ மேக்கர் மகள் தன் முறைப்பையனுக்கு வேலை வாங்குகிறாள். அப்படித்தான் அதைப் படிக்க முடிந்தது. வாரம் நாற்பதாயிரம் எந்த ஊரில் கொடுப்பார்கள் என்று ஒருத்தருக்காவது யோசிக்கத் தோன்ற வேண்டுமே? தோன்றவில்லை. இலை விலை அந்தக் கதிக்குப் போன பிறகு எந்த அநியாயத்தையும் நம்புகிற நிலைமைக்கு ஜனங்களைக் கொண்டுவந்து விட்டிருந்தார்கள்.

அப்பா மாடியிலிருந்து இறங்கி வந்தார். எல்லாரும் வழிவிட்டார்கள். சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டு, மேலே இலை விலையிலிருந்து ஆரம்பித்து, ஒவ்வொரு வரியாக, நிதானமாகப் படித்தார். தன் பெயர் வந்த இடத்தில் இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டார். என்னைப் பார்க்கவே இல்லை. மறுபடி மாடிப்படி ஏறினார். வலது முழங்காலைக் கையால் பிடித்துக்கொண்டு ஏறுவது வழக்கம். அன்றைக்குக் கையை எடுத்துவிட்டு ஏறினார். எனக்குச் செத்துவிடலாம் போல இருந்தது.

வீட்டுக்கு வந்தும் என்னோடு பேச்சில்லை. அம்மாவிடம் மட்டும் சொன்னார். "அவகிட்டச் சொல்லு. எம்பட முழங்கால் நல்லாத்தான் இருக்குது."

அம்மா அதைச் சொல்லவில்லை. அவள் வேறொன்று கேட்டாள். "ஏன்டி, ஊர்ல எத்தனையோ பேர் இருக்க, அந்தப் புயல் மாதிரி ஓடறவனுக்கு செந்திலுன்னு எதுக்குடி பேரு வெச்ச?"

மறுநாள் காலை யாரும் வேலைக்கு இறங்கவில்லை. எல்லாரும் கேட் முன்னால் உட்கார்ந்துவிட்டார்கள். முந்தின நாள் இலை முழுக்க மாடியில் நீளத் தொட்டிகளில் வாடிக்கொண்டிருந்தது. ஆறு மணிக்கே இறக்கி மிஷினில் விட்டிருக்க வேண்டும். மேனேஜர் போன் போட்டு அழுதிருக்கிறார். முதலாளி மேட்டுப்பாளையம் வழியாக மலை ஏறி ஒன்பது மணிக்கு வந்து சேர்ந்தார். வந்ததும் என்னைக் கூப்பிட்டார்.

கம்ப்யூட்டரைப் போட்டு, கேமைத் திறந்து, ஒவ்வொன்றாகக் காட்டினேன். திட்டுவார், அடித்தாலும் அடிப்பார் என்று நினைத்தேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மேனேஜர் போர்டிலிருந்து கிழித்து வந்திருந்த பட்டியலைக் கையில் எடுத்தார். அவர் முகத்தில் கோபம் குறைந்துகொண்டே வந்தது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"நல்லாத்தான் போட்டிருக்கே" என்றார். மேனேஜர் தலையை ஆட்டினார். "ஒரு வருசமா நான் மண்டையப் போட்டு ஒடச்சுட்டிருக்கேன். நீ ஒரே தாள்ல முடிச்சுட்டியே. இந்த ஒம்போது பேர எடுத்தா மாசம் எத்தன மிச்சமாகும்னு இதுல காட்டுமா?"

"காட்டுமுங்க சார்" என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது! கை மவுஸுக்குக்கூடப் போய்விட்டது. அந்தக் கையை இன்றைக்கும் நான் மன்னிக்கவில்லை.

அப்புறம்தான் எனக்கு உறைத்தது. உறைத்ததும் தலைக்கு ஏறியது. "சார், இது வெளையாட்டுங்க!"

"யாவாரமும் வெளையாட்டு மாதிரித்தாம்மா."

"அப்படீன்னா மீதியும் கேளுங்க! ஒம்போது பேரையும் எடுத்துட்டு அடுத்த மேட்ச் ஆடுனனுங்க. ஏழு கோலு வாங்குனேன். கேட்ல ஆளில்ல, நடுவுல ஆளில்ல, சொல்றதுக்குக் கேப்டன் இல்ல. நாப்பதாயிரத்துக்கு எடுத்த செந்திலு தலையச் சொறிஞ்சுட்டு நின்னானுங்க. இப்படியே போனா கம்ப்யூட்டரு ஆரத் தூக்கும்னு தெரியுங்களா? மொதல்ல மேனேஜரத்தான் தூக்கும்!"

மேனேஜர் தலையாட்டுவதை நிறுத்தினார். முதலாளி அவரை ஒரு மாதிரி பார்த்தார்.

அந்த நேரத்தில் வாசலில் அப்பா வந்து நின்றார். துண்டைக் கையில் எடுக்கவில்லை, தோளிலேயே இருந்தது. "ஏனுங்க, நாயம் பேசி முடிச்சாச்சுங்களா?"

"வா ரங்கசாமி. ஆளுகள வெருசா மேல ஏத்து. எல எறக்க வேண்டாமா?"

"எறக்கோணுமுங்க. மோந்து பாத்துட்டுத்தான் வர்றேன். பத்து மணி வரைக்கும் தாங்கும். அதுக்கு மேல போனா அது டீக்கு ஆகாது, மாட்டுக்கும் போட முடியாது."

"அப்புறம் நின்னுட்டிருக்கே?"

"இன்னும் முக்கா மணி நேரம் இருக்குதுங்களே. நிதானமா யோசிங்க." அப்பா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ஒரு நோட்டீஸ் போடோணுமுங்க. இந்த ஒம்போது பேரையும் வேலைய விட்டு எடுக்கறதில்லைன்னு. அதே மிசின்ல, அதே தாள்ல, உங்க கையெழுத்தோட. அத ஒட்டுனா ஆளுக மேல ஏறுவாங்க."

"என்ன ரங்கசாமி, மெரட்டறியா?"

"இல்லீங்க. நேரம் சொல்றேன்."

முதலாளி எழுந்தார், உட்கார்ந்தார், ஜன்னல் வழியே கூட்டத்தைப் பார்த்தார். மேனேஜரைப் பார்த்தார். மேனேஜருக்கு எந்தப் பக்கம் தலையை ஆட்டுவது என்று தெரியவில்லை. அப்பா ஒன்பதரைக்கு, "அரை மணிங்க" என்றார். முக்காலுக்கு, "கால் மணிங்க" என்றார்.

"சரி போய்த் தொலை. எத்தன நாளைக்குன்னு போடறது?"

"இல வெல ஏறற வரைக்கும்னு போடுங்க."

நான்தான் டைப் அடித்தேன். கண்ணில் தண்ணீர் முட்டியதில் இரண்டு தடவை தப்பு விழுந்தது. தாளைத் துளை போட்ட இடத்தில் நன்றாக மடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு, ஒழுங்காகக் கிழித்தேன். முதலாளி கையெழுத்தைப் போட்ட வேகத்தில் பேனா முனை போய்விட்டது. அந்தக் கோபத்தை யார் மேலாவது இறக்க வேண்டுமே.

"இந்தப் புள்ளைய என்ன பண்றது?" என்றார்.

அப்பா அப்போதுதான், முந்தின நாள் சாயங்காலத்துக்கு அப்புறம் முதல் தடவையாக, என் முகத்தைப் பார்த்தார். "அவ அந்த ஒம்போது பேர்ல இல்லீங்களே. தாராளமா எடுத்துக்கங்க."

பெத்த அப்பா! ஒன்பது பேருக்கு வேலையை வாங்கிக் கொடுத்துவிட்டு, பத்தாவதாக என்னைக் கைகழுவிவிட்டார். பத்து மணிக்கு ஃபேக்டரியில் மிஷின் ஓடியது. பத்தே காலுக்கு டிஃபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு நான் பஸ்ஸுக்கு நின்றேன். அந்தக் கோபத்தில் ஒரு வாரம் அவரோடு நான் பேசவில்லை. அவரும் பேசவில்லை. யார் பேசவில்லை என்பதில் இன்றைக்கும் வழக்கு இருக்கிறது.

அந்த நோட்டீஸ் வெளுத்துப்போய், ஓரம் சுருண்டு, வருஷக்கணக்கில் போர்டிலேயே இருந்தது. அப்பா அறுபது வயசு வரைக்கும் அங்கேயே இருந்தார். ஒன்பது பேரில் ஒருத்தரையும் முதலாளி தொடவில்லை. அடுத்த வருஷம் அவர் ஒரே ஒருவரைத்தான் எடுத்தார். மேனேஜரை. அந்த யோசனையை யார் கொடுத்தார்கள் என்று நான் வெளியே சொல்வதில்லை.

செந்திலைக் கட்டிக்கொண்டேன். அவன் பெயர் அப்படி ஊர் முழுக்க ஒட்டப்பட்ட பிறகு வேறு யார் என்னைக் கேட்டு வருவார்கள்? (வாரம் நாற்பதாயிரம் இன்றுவரை அவர் கொண்டுவந்து கொடுக்கவில்லை. தலையைச் சொறிவது மட்டும் அப்படியே இருக்கிறது.) பழைய கிரைண்டரைப் போட்டுவிடலாமா என்றாலும் சரி, ஓட்டை விழுந்த கம்பளி என்றாலும் சரி, எங்கள் வீட்டில் யாராவது ஒருவர் உடனே குரலை இழுத்துச் சொல்வார்கள்: "பழைய ஆள்னு மரியாதைக்காக வெச்சிருக்க முடியாது." எல்லாரும் சிரிப்பார்கள். நான் கரண்டியைக் கீழே வீசிவிட்டு உள்ளே போவேன்.

போன வருஷம் அப்பாவுக்கு முழங்கால் ஆபரேஷன். நான் எழுதியது கடைசியில் சரிதான் என்று டாக்டரே சொல்லிவிட்டார். ஆபரேஷன் முடிந்து, அம்மாவோடு எங்கள் வீட்டிலேயே தங்கிவிடுவது என்று முடிவானது. ஊன்றுகோலோடு வாசலில் வந்து நின்றவர் உள்ளே வரவில்லை. அம்மா பின்னால் பையோடு நிற்கிறாள், மழை தூறுகிறது, மனுஷன் படியிலேயே நிற்கிறார்.

"உள்ள வாங்கப்பா."

"எத்தன வருச ஒப்பந்தம்? அதச் சொல்லு மொதல்ல."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அத்தனை வருஷத்தையும் சேர்த்துக் கத்தினேன். "இல வெல ஏறற வரைக்கும்! போதுங்களா? வாங்க உள்ள!"

அப்பா கொஞ்சம் யோசித்தார். பிறகு அம்மாவைத் திரும்பிப் பார்த்துச் சொன்னார். "பையைக் கொண்டா. இப்போதைக்கு ஏறாது."